காய்ச்சல் போன பிறகும் போகாத தழும்பு

(மாகறலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் குழந்தை மருத்துவன். சென்ற ஆண்டு, காஞ்சிபுரத்துப் பக்கம் தறி நெய்கிற ஒரு குடும்பத்தில் இருந்து பதினோரு மாதப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஐந்து நாளாகக் காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றுப்போக்கும் இல்லை. பால் குடிக்க மறுக்கிறது, குடித்ததையும் கக்கிவிடுகிறது. நடுவில் ஓரிடத்தில் காட்டியிருக்கிறார்கள். காய்ச்சல் மருந்தும் ஓர் ஆன்டிபயாட்டிக்கும் வாங்கி, இரண்டு நாள் கொடுத்து, உடம்புச் சூடு தணிந்ததும் நிறுத்திவிட்டார்கள். காய்ச்சல் மறுபடி ஏறியது. அதுவரை அந்தக் குழந்தையின் சிறுநீரை ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

நாங்கள் சோதித்தோம். சிறுநீரகத் தொற்று. ஊசி மருந்து ஏற்றினோம், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, குழந்தை சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனது. ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தோம். இடது சிறுநீரகத்தின் மேல்முனையில், மாம்பழத்தை அணில் கடித்ததுபோல ஒரு பள்ளம். அந்த இடத்தில் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. அதைத்தான் தழும்பு என்கிறோம்.

தாய்க்கு அதை விளக்கிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “டாக்டர், வைட்டமின் ஏ, வைட்டமின் ஈ குடுத்தா தழும்பே விழாதுன்னு சொல்றாங்களே. என் கொழந்தைக்கு ஏன் குடுக்கல?”

வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள். அரை நிமிடத்தில் ஒரு பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அது போதாத பதில். அவர் கேட்டது நல்ல கேள்வி. உலகத்தில் பல மருத்துவர்கள் நாற்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி. இன்று உங்கள் முன்னால் அதற்கு முழுப் பதிலைச் சொல்லப் பார்க்கிறேன்.

இந்த ஊரில் இதைப் பேசுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. சம்பந்தர் பாடிய தலம் இது. உடும்பின் வால் வடிவில் இறைவன் இருக்கிறார் என்று நோய் தீர வேண்டி இங்கே வந்து நிற்கிறவர்கள் இன்றும் உண்டு. இந்த ஊர் ஓரமாக ஓடுகிற செய்யாறு கீழே போய் வேகவதியோடும் பாலாற்றோடும் சேரும் இடம் திருமுக்கூடல். அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் ஒரு மருத்துவமனையின் கணக்கு இருக்கிறது. வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை, 15 படுக்கைகள், ஒரு வைத்தியர், அறுவைச் சிகிச்சை செய்ய ஒருவர், மூலிகை பறித்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர். ஓர் ஆண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. கடுக்காய் சேர்ந்த மருந்துகளே அதில் நான்கைந்து. அந்தச் சாலை யாருக்காக நடந்தது தெரியுமா? கோயில் பணியாளர்களுக்கும், அங்கே தங்கிப் படித்த மாணவர்களுக்கும். ஆயிரம் ஆண்டுக்கு முன், இந்த ஆற்றங்கரையில், படிக்கிற பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போனால் படுக்க ஒரு கட்டில் இருந்திருக்கிறது. அந்தக் கல்வெட்டில் என்னை மிகவும் ஈர்ப்பது மருந்துப் பட்டியல் அல்ல, அதன் கணக்குதான். எத்தனை கட்டில், எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு நெல் என்று எல்லாவற்றையும் எண்ணி எழுதியிருக்கிறார்கள். மருத்துவத்தில் எண்ணிப் பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது. இன்றைய என் பேச்சும் பெரும்பாலும் எண்ணிக்கையைப் பற்றியதுதான்.

முதலில் நோயைப் பார்ப்போம்.

நம் குடலில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றில் ஒன்று ஈ.கோலை. அதை 1885இல் முதன்முதலில் விவரித்தவர் தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர். அவர் பெயர்தான் அந்தக் கிருமிக்கு நிலைத்தது. அதே கிருமி சிறுமிகளின் சிறுநீர்ப் பையிலும் புகுந்து நோய் உண்டாக்குவதைச் சில ஆண்டுகளில் அவரே எழுதியும் வைத்தார். குடலில் இருக்கிறவரை அது சாது. மலத் துவாரத்தில் இருந்து சிறுநீர்த் துவாரத்துக்கு வந்து, அங்கிருந்து மேலே ஏறிப் பையை அடைந்தால் நீர்க்கடுப்பு. இன்னும் ஏறிச் சிறுநீரகத்துக்கே போய்விட்டால் கடும் காய்ச்சல். பெண் குழந்தைகளுக்கு இந்தப் பாதை குட்டையானது. அதனால் அவர்களுக்கு அதிகம் வருகிறது. ஏழெட்டு வயதுக்குள் நூறு பெண் குழந்தைகளில் ஏறக்குறைய எட்டுப் பேருக்கும், நூறு ஆண் குழந்தைகளில் இரண்டு பேருக்கும் ஒரு தடவையாவது இந்தத் தொற்று வந்துவிடுகிறது. கைக்குழந்தையாக இருக்கும்போது மட்டும் ஆண் குழந்தைகளுக்கும் நிறைய வரும்.

பெரியவர்களுக்கு வந்தால் இடுப்பு வலிக்கிறது, நீர் எரிகிறது என்று சொல்லிவிடுவார்கள். பத்து மாதக் குழந்தை என்ன சொல்லும்? காய்ச்சல் வரும், வாந்தி வரும், பால் இறங்காது. “சூடு பிடிச்சிருக்கு”, “பல் முளைக்குது”, “கண்ணு பட்டிருக்கு” என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்வார்கள். இரண்டு வயதுக்குள் இருக்கிற குழந்தை, காரணம் தெரியாத காய்ச்சலோடு வந்தால், நூற்றில் ஏழு பேருக்குக் காரணம் இந்தச் சிறுநீர்த் தொற்றுதான்.

காய்ச்சலோடு முதல் தடவை சிறுநீர்த் தொற்று வந்த குழந்தைகளைப் பற்றி உலகெங்கும் எடுத்த கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகத்திலேயே அழற்சி இருந்தது. பல மாதம் கழித்துப் பார்த்தபோது நூற்றில் 15 பேருக்குத் தழும்பு நின்றுவிட்டது. மீதிப் பேருக்குச் சிறுநீரகம் தானே சரியாகிவிட்டது. பெரும்பாலான குழந்தைகள் முழுக்கக் குணமடைகிறார்கள். பயப்பட வேண்டாம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த 15 பேரில் சிலருக்குத் தழும்பு பெரிதாக இருக்கும், இரண்டு பக்கமும் இருக்கும். அவர்களுக்குப் பின்னாளில் இரத்தக் கொதிப்பு வரலாம், சிறுநீரில் புரதம் ஒழுகலாம், சிலருக்குச் சிறுநீரகமே மெல்லத் தளரலாம்.

இங்கே நெய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் என்ன செய்வீர்கள்? தறியை நிறுத்தி, இழையை எடுத்து முடிச்சுப் போட்டு, மேலே நெய்வீர்கள். சிறுநீரகத்தில் அது முடியாது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டி இழைகள், இருக்கின்றன. குழந்தை வயிற்றில் இருக்கும்போதே, ஒன்பதாம் மாதவாக்கில், அவை உருவாகி முடிந்துவிடுகின்றன. பிறந்த பிறகு புதிதாக ஓர் இழைகூட வருவதில்லை. அறுந்தது அறுந்ததுதான்.

சரி, அந்த இழையை அறுப்பது யார்? கிருமி என்றுதான் எல்லோரும் நினைப்போம். பாதிதான் சரி. மீதியை அறுப்பது நம் உடம்பே.

கிருமி சிறுநீரகத்துக்குள் வந்ததும் இரத்தத்தில் இருந்து வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. அவை கிருமியை விழுங்கி, ஆக்சிஜனைக் கொண்டே அதைச் சுடுகின்றன. ஆக்சிஜனில் இருந்து சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற கடுமையான பொருள்களைச் சில நொடிகளில் உண்டாக்கிக் கிருமியின் மேல் வீசுகின்றன. ஹைட்ரஜன் பெராக்சைடு உங்களுக்குத் தெரிந்ததுதான். புண்ணைக் கழுவும்போது நுரைக்குமே, அதே மருந்து. வீசியது எல்லாம் கிருமி மேலேயே விழுவதில்லை. பக்கத்தில் இருக்கிற சிறுநீரகக் குழாய்களின் மேலும் தெறிக்கிறது. அவற்றின் கொழுப்புச் சவ்வு கருகுகிறது, செல்கள் சாகின்றன, அந்த இடத்தை நார் வந்து மூடுகிறது. அந்த நார்தான் தழும்பு.

இப்படித் தெறிப்பதை அணைக்க உடம்பிலேயே ஆட்கள் உண்டு. சூப்பர்ஆக்சைடை அடக்கும் நொதி ஒன்றை 1969இல் அமெரிக்காவில் மெக்கார்டும் ஃபிரிடோவிச்சும் கண்டுபிடித்தார்கள். குளுட்டாதயோன் என்று ஒரு பொருள் இருக்கிறது. சாப்பாட்டில் இருந்து வருகிற வைட்டமின் ஈ, வைட்டமின் சி, மஞ்சள், பச்சைக் காய்களில் இருக்கிற கரோட்டின்கள் எல்லாம் அந்தப் படையில் சேர்த்தி. இவற்றைத்தான் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் என்கிறோம். மருந்துக் கடையில் ஆன்டி-ஆக்சிடன்ட் என்பார்கள். வைட்டமின் ஏ-யையும் இந்த வரிசையில் வைப்பார்கள். ஆனால் அதன் முக்கிய வேலை வேறு: குழாய்களின் உட்பூச்சை மறுபடி வளர வைப்பதும், நோய் எதிர்ப்பை ஒழுங்கில் வைப்பதும்.

அப்படியானால் ஆன்டிபயாட்டிக்கோடு இந்தத் தடுப்பிகளையும் கொடுத்தால் தழும்பைத் தடுக்கலாமே என்று யோசித்தவர்களில் முந்தியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் ராபர்ட்ஸ். 1980களின் தொடக்கத்தில் அவர் குரங்குகளின் சிறுநீரகத்தில் தொற்றை உண்டாக்கி, சூப்பர்ஆக்சைடை அடக்கும் அதே நொதியைக் கொடுத்துப் பார்த்தார். சிறுநீரகச் சேதம் குறைந்தது. அதன் பிறகு பல நாடுகளில் எலிகளுக்கு வைட்டமின் ஏ, சி, ஈ, மெலடோனின் என்று கொடுத்துப் பார்த்து, இதே போன்ற முடிவுகளை எழுதினார்கள்.

எலிக்கு நல்லது என்பதால் குழந்தைக்கும் நல்லது என்று ஆகிவிடாது. குழந்தைகளிடம் செய்து பார்த்த சோதனைகள் பெரும்பாலும் ஈரானில் நடந்தவை. 2013இல் வெளியான ஒன்றில், சிறுநீரகத் தொற்று ஸ்கேனில் உறுதியான அறுபது சொச்சம் குழந்தைகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆன்டிபயாட்டிக் மட்டும், இன்னொரு பிரிவுக்கு அதோடு வைட்டமின் ஏ, மூன்றாவது பிரிவுக்கு அதோடு வைட்டமின் ஈ. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆன்டிபயாட்டிக் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் நிலைமை மோசமாகியிருந்தது. வைட்டமின் ஏ பிரிவில் அது அதில் ஏறக்குறைய பாதிதான். வைட்டமின் ஈ பிரிவில் ஒருவருக்கும் மோசமாகவில்லை. கேட்டால் மனம் துள்ளுகிறது, இல்லையா? அந்தத் தாயின் காதுக்கு வந்த செய்தியின் வேர் இப்படிப்பட்ட ஆய்வுகள்தான்.

ஆனால் 2015இல் அதே நாட்டில் இருந்து இன்னொரு சோதனை வந்தது. 5 முதல் 12 வயது வரையிலான 152 சிறுமிகள். பாதிப் பேருக்கு வைட்டமின் ஈ சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுக்குக் காய்ச்சலும் அடிக்கடி நீர் போகிற தொந்தரவும் சீக்கிரம் குறைந்தன. ஆனால் நான்கைந்து மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. வைட்டமின் ஏ-யில் கிடைத்த முடிவுகள் கொஞ்சம் நம்பிக்கை தருகின்றன. 2019இல் வந்த ஒரு சோதனையில் 90 குழந்தைகள். வைட்டமின் ஏ பெற்றவர்களுக்குக் காய்ச்சலும் சீக்கிரம் விட்டது, தழும்பும் குறைவாக விழுந்தது. இதில் ஒரு நியாயமும் இருக்கிறது. கடும் தொற்றுக் காய்ச்சலில் உடம்பு வைட்டமின் ஏ-யைச் சிறுநீர் வழியாகவே இழக்கிறது. ஏற்கெனவே கையிருப்பு குறைந்த குழந்தைக்கு அது பெரிய இழப்பு.

இந்தச் சோதனைகள் எல்லாமே சின்னவை. அறுபது, தொண்ணூறு, நூற்றைம்பது பேர். சின்னச் சோதனையில் நான்கு குழந்தைகள் இந்தப் பக்கம் மாறினால் முடிவே மாறிப்போகும். இதை வெறும் சந்தேகமாகச் சொல்லவில்லை. கண்முன்னே நடந்த ஓர் உதாரணம் இருக்கிறது. அழற்சியை அணைக்க ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். தைவானில் 2011இல் 84 குழந்தைகளிடம் செய்தபோது, தழும்பு நூற்றுக்கு 60இல் இருந்து 33 ஆகக் குறைந்தது. பெரிய நம்பிக்கை பிறந்தது. அமெரிக்காவில் 546 குழந்தைகளைச் சேர்த்து அதைப் பெரிய அளவில் செய்தார்கள். கடைசி ஸ்கேன் வரை வந்தவர்கள் 254 பேர். ஸ்டீராய்டு பெற்றவர்களில் நூற்றுக்கு 10 பேருக்குத் தழும்பு, பெறாதவர்களில் 17 பேருக்கு. குறைவுதான், ஆனால் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று கணக்கு சொன்னது. 2020இல் இந்த முடிவு வெளியானது. எங்களில் பலருக்கும் வருத்தமாக இருந்தது. ஆனால் எண்ணிப் பார்த்த பிறகு வருகிற வருத்தத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஆக்சிஜன் நெருப்பு கெட்டது, அதை அணைப்பது நல்லது என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. அந்த நெருப்பை மூட்ட முடியாமலே பிறக்கிற குழந்தைகள் உண்டு. அரிய பரம்பரை நோய் அது. அவர்களின் வெள்ளை அணுக்கள் கிருமியை விழுங்கும், ஆனால் சுட முடியாது. அந்தக் குழந்தைகளுக்கு நுரையீரலிலும் கல்லீரலிலும் தோலிலும் மாறி மாறிச் சீழ்க்கட்டி வரும். நெருப்பு இல்லாவிட்டால் பிழைக்க முடியாது. தேவையான நேரத்தில் எரிந்து, வேலை முடிந்ததும் அணைய வேண்டும். இதில் எந்த நாளில், எவ்வளவு, எந்தத் தடுப்பியைக் கொடுப்பது என்பதுதான் கேள்வியே. பாட்டிலில் எழுதியிருக்கிற விளம்பரத்தில் அதற்குப் பதில் கிடைக்காது. பின்லாந்தில் புகைபிடிக்கிற 29,133 ஆண்களைச் சேர்த்து, நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கலாம் என்று அவர்களில் பாதிப் பேருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். கேரட்டில் இருக்கிற அதே பொருள்தான். 1994இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களிடம் அந்தப் புற்றுநோய் நூற்றுக்கு 18 பங்கு அதிகமாகியிருந்தது. கேரட் தின்றால் அப்படி ஆகாது. மாத்திரையாகப் பிழிந்து கொடுத்தபோது ஆனது.

வைட்டமின் ஏ விஷயத்தில் நம் தாய்மார்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வைட்டமின் ஏ திரவம் ஊற்றுகிறார்கள். முதல் தடவை ஒரு லட்சம் யூனிட், பிறகு இரண்டு லட்சம். அதற்கு மேல் கடையில் வாங்கித் தாமாகக் கொடுத்தால், அது கல்லீரலில் சேர்ந்து தங்கும். மண்டைக்குள் அழுத்தம் ஏறி வாந்தி வரும், கல்லீரல் பாதிக்கும். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்த குழந்தைக்கு வைட்டமின் ஏ வெளியேறாமல் தேங்கும். அந்தக் குழந்தைக்கு நன்மை செய்கிறோம் என்று நினைத்து நாமே தீங்கு செய்துவிடுவோம்.

வைட்டமின் ஏ, ஈ இரண்டையும் வைத்து நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய சோதனை நடந்திருக்கிறது. நான் இதை மாணவர்களிடம் எப்போதும் பெருமையோடு சொல்வேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் அவருடைய குழுவினரும் திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,419 சிறு குழந்தைகளுக்கு ஓராண்டுக்கு வாரம் தவறாமல் துளி ஊற்றினார்கள். பாதிப் பேருக்கு வைட்டமின் ஏ-யும் ஈ-யும், மீதிப் பேருக்கு வைட்டமின் ஈ மட்டும். வாரம் ஒரு நாள், ஒவ்வொரு வீடாக. 1990இல் முடிவு வந்தது: வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடம் இறப்பு பாதிக்கும் கீழே போயிருந்தது. பின்னாளில் உத்தரப்பிரதேசத்தில் பத்து லட்சம் குழந்தைகளிடம் நடந்த சோதனையில் பலன் அந்த அளவுக்குத் தெரியவில்லை. இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் விடை மாறும். ஊட்டம் குறைந்த இடத்தில் தெரிகிற பலன் ஊட்டம் நிறைந்த இடத்தில் தெரியாது. ஆனால் திருச்சிக் கிராமங்களில் அவர்கள் செய்ததைப் பாருங்கள். வண்டி சரியாக வராத ஊர்களில், நம் ஊர்ப் பெண்கள் வீடு வீடாகப் போய், பதினைந்தாயிரம் குழந்தைகளை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார்கள். சிறுநீரகத் தொற்றுக்கு வைட்டமின் சேர்ப்பது நல்லதா என்று அறிய, அதில் இருபதில் ஒரு பங்கு குழந்தைகள் போதும். நம் மாநிலத்தின் குழந்தைகள் மருத்துவமனைகள் நாலைந்து சேர்ந்தால் செய்துவிடலாம். அந்தத் தாயின் கேள்விக்கு உண்மையான விடை ஈரானிலோ அமெரிக்காவிலோ அல்ல, இங்கிருந்து வர வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். நம் குழந்தைகளின் ஊட்டம் வேறு, நம் கிருமிகளும் வேறு.

கிருமிகள் வேறு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டு ஈ.கோலை பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்குவதில்லை. அரைகுறையாகக் கொடுத்து நிறுத்துவதும், சளிக்கெல்லாம் வாங்கிக் கொடுப்பதும் சேர்ந்து அவற்றைப் பழக்கிவிட்டன. அதனால்தான் சிறுநீரை வளர்ப்புச் சோதனைக்கு, அதாவது கல்ச்சருக்கு, மருந்து தொடங்குவதற்கு முன்பே எடுக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று இரண்டு மூன்று நாளில் தெரிந்துவிடும். காய்ச்சலோடு வந்த தொற்றுக்குப் பொதுவாக ஏழு முதல் பத்து நாள் மருந்து முழுதாகப் போக வேண்டும். மூன்றாம் நாளே குழந்தை விளையாடும். அப்போது நிறுத்தக் கூடாது.

இப்போது நேரத்துக்கு வருகிறேன். இந்த உரையில் எனக்கு மிகவும் முக்கியம் இதுதான். அமெரிக்காவில் 482 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2016இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தழும்பு விழுந்த குழந்தைகள், ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன் இடைநிலை அளவாக 72 மணி நேரம் காய்ச்சலில் இருந்திருக்கிறார்கள். தழும்பு விழாதவர்கள் 48 மணி நேரம். வித்தியாசம் ஒரே ஒரு நாள். இரண்டு நாளுக்கு மேல் தாமதமானால் தழும்புக்கான வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது. வெள்ளை அணுக்கள் மூட்டுகிற நெருப்பு எத்தனை நாள் எரிகிறது என்பதைக் கிருமி எத்தனை நாள் உள்ளே இருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. கிருமியை ஒரு நாள் முன்னால் வெளியேற்றினால், ஒரு நாள் நெருப்பு மிச்சம். இன்றைய நிலையில் எந்த வைட்டமின் பாட்டிலையும்விட அந்த ஒரு நாளைத்தான் நான் நம்புகிறேன். அந்தத் தாய் வந்தது ஐந்தாம் நாள். அது அவர் குற்றம் அல்ல. கரையைத் தனியாகக் கோர்க்கிற கோர்வைச் சேலை நெய்யும்போது தறியில் ஒருவரும் பக்கத்தில் ஒருவரும் உட்கார வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து உட்காருவார்கள். ஒருவர் எழுந்தால் தறி நிற்கும், அன்றைய கூலியும் நிற்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் சளி, இருமல் எதுவும் இல்லாமல் கைக்குழந்தைக்கு ஒரு நாளுக்கு மேல் காய்ச்சல் நின்றால் தறியை நிறுத்திவிட்டு வாருங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். வந்ததும் நீங்களே கேளுங்கள்: “டாக்டர், நீர் டெஸ்ட் பண்ணணுமா?” கேட்டதற்காக ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கைக்குழந்தையிடம் சிறுநீர் பிடிப்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். பை ஒட்டிப் பிடித்தால் தோலில் இருக்கிற கிருமியும் சேர்ந்து வந்து, இல்லாத நோயைக் காட்டும். முதலில் சுத்தமாகக் கழுவித் துடைத்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த பஞ்சால் தொப்புளுக்குக் கீழே, அடிவயிற்றில், மெல்ல வட்டமாகத் தேய்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் இதைச் சோதித்து 2017இல் எழுதினார்கள். இப்படித் தேய்த்த குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஐந்து நிமிடத்துக்குள் நீர் விட்டன. தேய்க்காமல் காத்திருந்தவர்களில் எட்டில் ஒரு பங்குதான். நீர் தாரையாக வரும்போது, முதல் கொஞ்சத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடிக்க வேண்டும். நம் பாட்டிமார்கள் குழந்தையைக் காலில் போட்டு நீர் விட வைப்பார்களே, அவர்களுக்கு இந்தக் கை வந்துவிட்டால் எங்கள் நர்ஸுகளைவிட நன்றாகப் பிடிப்பார்கள்.

பெரிய பிள்ளைகளைப் பற்றியும் கொஞ்சம். பள்ளிக்கூடத்தில் கழிவறைக்குப் போகப் பிடிக்காமல், காலையில் போன சிறுமி மாலை வரை நீரை அடக்கிக்கொண்டு வருகிறாள். அதற்காகவே தண்ணீரும் குடிப்பதில்லை. அப்படி அடக்கி வைத்தால் பையில் தேங்கிய நீரில் கிருமி வளரும். மலச்சிக்கல் இருந்தால் இன்னும் மோசம். நிறைந்த குடல் பையை அழுத்தி, நீர் முழுதும் வெளியேற விடாது. தொற்று திரும்பத் திரும்ப வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நான் முதலில் மலச்சிக்கலுக்குத்தான் மருந்து எழுதுவேன். பள்ளிக் கழிவறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்கிறதா என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.

பார்லிக் கஞ்சி கொடுக்கலாமா, நெருஞ்சில் கொடுக்கலாமா, நெல்லிக்காய் நல்லதா என்று கேட்பீர்கள். பார்லிக் கஞ்சி, இளநீர், மோர் எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். நீர் நிறையப் போவது நல்லதுதான். நெல்லிக்காயில் வைட்டமின் சி ஏராளம், முருங்கைக் கீரையிலும் பப்பாளியிலும் கரோட்டின் நிறைய. குழந்தையின் அன்றாடச் சோற்றில் இவை இருந்தால், நான் சொன்ன அணைக்கும் படைக்கு எப்போதும் ஆள் இருக்கும். கிரான்பெரி என்கிற அமெரிக்கப் பழத்தின் சாறு, அடிக்கடி தொற்று வருகிற குழந்தைகளுக்கு அது மறுபடி வருவதைக் குறைக்கிறது என்று 2023இல் வந்த பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. வராமல் காக்கத்தான் அது. வந்த தொற்றை அது குணமாக்காது. காய்ச்சல் வந்துவிட்ட குழந்தைக்கு மூலிகைக் கஷாயத்தை மட்டும் கொடுத்துக்கொண்டு நாளைக் கடத்துவதை நான் ஏற்க மாட்டேன். திருமுக்கூடல் வைத்தியரும் ஏற்றிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அவர் காலத்தில் ஆன்டிபயாட்டிக் இருந்திருந்தால், அந்த மருந்துப் பட்டியலில் அதையும் எண்ணி எழுதியிருப்பார்கள்.

அந்தத் தாய்க்கு இப்போது என்ன சொல்வேன்? “அம்மா, வைட்டமின் கொடுத்திருந்தால் உங்கள் குழந்தைக்குத் தழும்பு விழாமல் இருந்திருக்கலாம், விழுந்தும் இருக்கலாம். யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்காக நீங்கள் உங்களையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. ஒரு சிறுநீரகத்தின் மேல்முனையில்தான் தழும்பு. மீதி இடமும் அடுத்த சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றன. ஆண்டுக்கு ஒரு தடவை இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்க வேண்டும். உயரமும் எடையும் குறித்து வைக்க வேண்டும். அடுத்த தடவை காய்ச்சல் வந்தால், அன்றைக்கே நீரைச் சோதிக்க வேண்டும்.” இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். போன மாதம் அந்த நோட்டோடு வந்திருந்தார். முதல் பக்கத்தில் குழந்தையின் இரத்த அழுத்தத்தை அவரே எழுதியிருந்தார், தேதியோடு. இரண்டாம் பக்கத்தில், முந்தின வாரம் ஒரு நாள் காய்ச்சல் வந்ததும், அன்று மாலையே நீர் சோதித்ததும், தொற்று இல்லை என்று வந்ததும் எழுதியிருந்தது. காய்ச்சல் தொடங்கிய நேரமும் இருந்தது: காலை ஆறரை.